இருபத்தெட்டு நாள் நோட்டீஸ்

ஒக்டோபர் 14, செவ்வாய்

மறுப்புப் புத்தகம் ஒன்று மிச்சமாய்க் கிடந்தது. லண்டனில் குடிவகை விற்கிற என்னைப் போன்ற கடைக்காரன் இப்படி ஒரு புத்தகம் வைத்திருக்கவேண்டும், லைசென்ஸிலேயே அது நிபந்தனை. வயது காணாதவனோ என்று சந்தேகப்பட்டோ, நல்ல குடிவெறியில் நிற்கிறானென்றோ ஒருவருக்குப் போத்தல் கொடுக்க மறுத்தால் எழுதிவைக்கவேண்டும். திகதி, நேரம், ஆள், கேட்டது, மறுத்த காரணம் என்று ஐந்து கட்டம். கவுன்சிலுக்குக் காட்டுகிற புத்தகம் கல்லாவுக்குக் கீழே ஆங்கிலத்தில் இருக்கிறது. இது எனக்கு. என் மனைவி வதனாவிடம் சொல்லமுடியாத விஷயங்களை இதில் எழுதப்போகிறேன். அவளிடம் அவளுடைய தங்கச்சி புருஷனைப் பற்றி ஒரு சொல் சொல்லிப் பாருங்கள், மூன்று நாளைக்குச் சோறு ஆறித்தான் வரும்.

தங்கச்சி சுகிர்தா. புருஷன் யசோதரன், என் சகலன், என்னிலும் பதின்மூன்று வயது குறைவு. கம்பியூட்டரில் நல்ல வேலை பார்த்தவர், அதை விட்டுவிட்டு இணையத்தில் குடிவகைச் சந்தை திறக்கப்போகிறார். பெயர் ‘போத்தல் சந்தை’. பனஞ்சாராயம் இறக்குமதி செய்கிற எங்கட ஆள் ஒருவர், போர்த்துக்கல் வைன் கொண்டுவருகிற ஒரு புருஷன் பெண்சாதி, ஜின் வடிக்கிற வெள்ளைக்காரப் பெட்டை ஒருத்தி, இப்படிப் பன்னிரண்டு சின்ன வியாபாரிகள். எல்லாருடைய போத்தலும் ஒரே தளத்தில் தெரியும், யசோ வீட்டுக்கு அனுப்பிவைப்பார். டிசம்பர் முதலாம் திகதி திறந்தால்தான் அவர்கள் நிற்பார்கள். நத்தார்ப் பண்டிகை வியாபாரம் போனால் வேறு இடம் பார்ப்பார்களாம்.

இதே யோசனையை நான் பத்து வருஷத்துக்கு முதல் ஒரு கலியாண வீட்டில் சொன்னேன். “ஒருநாள் போத்தலும் வீட்டு வாசலுக்கு வரும்” என்றேன். யசோ எனக்குப் பக்கத்தில் இருந்து றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சரி, விடுவோம்.

இன்றைக்கு அவர் கடைக்கு வந்தார், கேட்பதற்கு ஒரு நீளமான பட்டியலோடு.

“அண்ணை, வெப்சைட்டுக்கு லைசென்ஸ் எடுக்கவேணுமோ, கட்டிடத்துக்கோ?”

“போத்தல் எங்க கிடக்குதோ, எங்கயிருந்து வெளிக்கிடுதோ, அந்த இடத்துக்குத் தம்பி. இன்டர்நெட்டுக்கு ஆர் லைசென்ஸ் தாறது?”

அதற்காகத்தான் தபால் நிலையத்துக்குப் பின்னால் ஒரு களஞ்சிய அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறார். பொறுப்பாய் நிற்க ஒருவரிடம் தனி லைசென்ஸும் வேண்டும். அதற்குப் பரீட்சை இருக்கிறது. அதையும் எழுதிவிட்டார். நாற்பதுக்கு முப்பத்தொன்பது. நான் ஒருமுறை தவறி, மறுமுறை இருபத்தொன்பது எடுத்துத் தப்பினவன். இருபத்தெட்டு எடுத்தால் பாஸ். வதனா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரிக்க என்ன இருக்கிறது?

“கமரா போடும்,” என்றேன். “முப்பத்தொரு நாள் பதிவை அழிக்காமல் வைச்சிருக்கிறன் எண்டு நீரே எழுதிக் குடும். கவுன்சிலுக்கு அது வலு விருப்பம்.”

எழுதிக்கொண்டார். போகும்போது கல்லாவுக்கு மேலே, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிற என்னுடைய பழைய நோட்டீஸை ஃபோனில் படம் எடுத்தார். பத்தொன்பது வருஷத்துக்கு முதல் இந்தக் கடைக்கு லைசென்ஸ் கேட்டு நான் வாசலில் ஒட்டியது. “இதைப் பாத்துத்தான் நானும் அடிக்கப்போறன், அண்ணை. ராசியான நோட்டீஸ்” என்றார்.

எனக்கு அவரில் பொறாமை ஒன்றும் இல்லை. அதை முதலிலேயே எழுதிவைக்கிறேன்.

ஒக்டோபர் 16, வியாழன்

யசோவின் நோட்டீஸ் ஏறிவிட்டது. ‘இந்த இடத்திலிருந்து இணையவழியில் குடிவகை விற்க அனுமதி கேட்கிறோம், மறுப்பு இருந்தால் கவுன்சிலுக்கு எழுதவும்’ என்று இருபத்தெட்டு நாள் வாசலில் தொங்கவேண்டும். இன்றைக்கு முதல் நாள், நவம்பர் 12 கடைசி.

தபால் நிலையத்துக்கு ஒரு வேலையாய்ப் போனேன். அப்படியே பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். எழுத்துப் பெரிசு, சொற்கள் சரி. கடதாசி வெள்ளை.

லைசென்ஸ் சட்டம் வெளிர்நீலக் கடதாசி கேட்கிறது. நீலம் இல்லையென்றால் நோட்டீஸ் போடாத மாதிரித்தான். அதிகாரி கண்டால் திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ணவேண்டும். எனக்கு இது நல்லாய்த் தெரியும். எங்கள் காலத்தில் அந்த நீலக் கடதாசிக்காக நானும் வதனாவும் பனிக்குள்ளால் மூன்று கடை ஏறி இறங்கினோம். முதல் கடையில் கடும்நீலம், இரண்டாவது கடை பூட்டு. மூன்றாவதில் கிடைத்தபோது வதனா கையுறையைக் கழற்றிவிட்டுத் தாளைத் தடவிப் பார்த்தாள்.

கடைக்கு வந்து சட்டத்துக்குள் இருக்கிற என் நோட்டீஸைப் பார்த்தேன். பால் வெள்ளை. லண்டனில் வெயில் இல்லையென்று சொன்னவனைக் கூட்டிவாருங்கள், என் யன்னலடியில் பத்தொன்பது வருஷம் தொங்கவிடுகிறேன். யசோ இதைத்தான் படம் எடுத்தார். இதைப் பார்த்துத்தான் வெள்ளையில் அடித்திருக்கிறார். முப்பத்தொன்பது மார்க் எடுத்த மூளை!

நாளைக்குச் சொல்லிவிடுவேன். ஒரு நாள்தான் நட்டம்.

ஒக்டோபர் 17, வெள்ளி

ஃபோன் எடுத்தேன். “அண்ணை, மீட்டிங்கில நிக்கிறன், பேந்து எடுக்கிறன்” என்று வைத்துவிட்டார். மீட்டிங்காம். பிறகு எடுத்தார், நான் கடையில் நெருக்கடியென்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. சுகிர்தா வீட்டில் எல்லாரும். சொல்வதென்று முடிவெடுத்துத்தான் போனேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு யசோ தன் தளத்தைப் பெரிய டிவியில் போட்டுக் காட்டினார். ஒரு சாராயப் போத்தலைத் தொட்டால் அது எந்தப் பனையடியிலிருந்து வந்தது என்று கதை வருகிறது. வாங்குகிறவர் பிறந்த திகதி கொடுக்கவேண்டும், கொண்டுபோகிறவர் வாசலில் முகம் பார்த்து அடையாள அட்டை கேட்கவேண்டும், கொடுக்காமல் திரும்பினால் அந்த மறுப்பு தானாகவே பதிவாகும். பேனா இல்லை, புத்தகம் இல்லை. எல்லாரும் கை தட்டினார்கள். வதனா எழும்பி நின்று தட்டினாள். என் கடைத் திறப்புக்கு அவள் எழும்பி நின்று கை தட்டியதாய் எனக்கு ஞாபகம் இல்லை. அன்றைக்கு அவள் நிலம் துடைத்துக்கொண்டிருந்தாள் என்பது வேறு கதை.

“அத்தான், நீங்களும் அந்த நேரமே இப்பிடி ஏதேன் ஒண்டு செய்திருக்கலாம்,” என்றாள் சுகிர்தா, பாயசம் ஊற்றிக்கொண்டு. “எத்தினை வருஷமாய் அந்த ஒரே கல்லாவுக்குப் பின்னால நிக்கிறியள்.”

பாசமாய்த்தான் சொன்னாள். பாயசத்தை அப்படியே மேசையில் வைத்தேன். நோட்டீஸ் பற்றி வாய் திறக்கவில்லை. இவ்வளவு கெட்டிக்காரருக்குக் கடதாசியின் நிறத்தை நான் போய்ச் சொல்லவேண்டுமா?

ஒக்டோபர் 22, புதன்

கந்தசஷ்டி தொடங்குகிறது. வதனா ஆறு நாளும் பாலும் பழமும். நானும் ஒருநேரச் சாப்பாடு. பசி வயிற்றோடு நின்று ஊராருக்குப் பியர் விற்பதில் உள்ள புண்ணியம் எந்த முருகனுக்கு விளங்கும்?

தபால் நிலையத்தடியில் முத்திரை வாங்கினேன். நோட்டீஸ் அப்படியே இருக்கிறது.

ஒக்டோபர் 23, வியாழன்

முத்திரை காணாது. திரும்பப் போனேன்.

ஒக்டோபர் 25, சனி

நேற்றுக் காற்று. யசோவின் நோட்டீஸில் ஒரு மூலை கழன்று படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒட்டுநாடாவால் நல்லாய் அழுத்தி ஒட்டிவிட்டேன். அந்நியன் கூட இதைச் செய்வான். கழன்று விழுந்திருந்தால் யசோ புதிசாய் அடிக்கப்போவார், அடிக்கப்போனால் யாராவது நீலம் என்று சொல்லிவிடுவார்கள் என்பதெல்லாம் எனக்கு அப்போது தோன்றவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

ஒக்டோபர் 27, திங்கள்

சூரன் போர். கோயிலில் சரியான சனம். சூரன் தலையை ஆட்டி ஆட்டி முருகனைச் சுற்றி ஓடும்போது யசோ என்னைத் தேடி வந்து பக்கத்தில் நின்றார். கண் கீழே கறுத்திருந்தது. ஆள் மெலிந்துவிட்டார்.

“அண்ணை, இரவில நித்திரை இல்லை. வேலையையும் விட்டிட்டன், பன்னிரண்டு பேருக்கும் வாக்குக் குடுத்திட்டன். ஏதேன் ஒரு சின்னப் பிழையால எல்லாம் போயிடுமோ எண்டு நெஞ்சு அடிக்குது. நீங்கள் நோட்டீசைப் பாத்தனீங்கள்தானே? பிழை ஏதும் இருக்கோ?”

மேளம் காதைப் பிளந்தது. சத்தத்தில் கேட்கவில்லையென்று சொல்லியிருக்கலாம். நான் அவருடைய காதுக்குக் கிட்டப் போய், “ஒரு பிழையும் இல்லை, தம்பி. சும்மா யோசிக்காதையும்” என்றேன்.

என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினார். அப்போது சூரனின் தலை விழுந்தது, சனம் அரோகரா என்றது.

எழுத்தில் பிழை இல்லைதானே. நான் எழுத்தைச் சொன்னேன்.

ஒக்டோபர் 30, வியாழன்

ஒரு பொம்பிளை வைன் கேட்டா. வயது இருபத்தைந்துக்குக் கீழே மாதிரித் தெரிந்தால் அட்டை கேட்கவேண்டுமென்பது விதி, கேட்டேன். முப்பத்தாறாம்! சந்தோஷத்தில் இரண்டு போத்தலாய் வாங்கிக்கொண்டு போனா. அட்டை கேட்டதற்கு நன்றி சொன்ன ஒரே மனிசி.

முத்திரை இப்போது நாற்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. யாருக்குக் கடிதம் எழுதப்போகிறீர்கள் என்று வதனா கேட்டாள்.

நவம்பர் 3, திங்கள்

யசோ மடிக்கணினியோடு வந்தார். “கண்ணை மூடுங்கோ, அண்ணை” என்றார். திறந்தேன். போத்தல் சந்தையின் முதல் பக்கத்தில், பன்னிரண்டு வியாபாரிகளுக்கும் மேலே, என் கடை. வாசல் படம், என் படம், கீழே ‘குலேந்திரன் அண்ணை தெரிவு செய்தது’ என்று ஆறு போத்தல். என் படத்தில் தலைமயிரைக் கொஞ்சம் கறுப்பாக்கியிருந்தார்.

“நீங்கள்தான் முதல் கடை. பதின்மூண்டாவது ஆள் எண்டாலும் முதல் ஆள்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது, உண்மையாய். சொல்லிவிடலாம், இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். இன்றைக்கு நீலத்தில் ஒட்டினால் நவம்பர் கடைசியில் முடியும். அந்த வியாபாரிகளிடம் ஒரு சொல் கேட்டால் பொறுக்கவும் கூடும்.

பின்னால் நின்ற வதனா, “பாத்தீங்களே? தானும் வளந்து மற்றவையையும் தூக்கிவிடுற குணம். எல்லாருக்கும் வராது” என்றாள்.

எல்லாருக்கும் என்றால் யார்? அந்தக் கடையில் அப்போது மூன்று பேர்தான் நின்றோம்.

“நல்ல வடிவாய் இருக்குத் தம்பி” என்று மட்டும் சொன்னேன்.

நவம்பர் 7, வெள்ளி

இனிச் சொல்லவும் வழியில்லை. சொன்னால் முதல் கேள்வி, எப்ப கண்டனீங்கள் என்பதுதான். கோயிலில் காதுக்குள் சொன்ன சொல்லை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? அதிகாரி வராமலே விடலாம். வந்தாலும் நிறத்தைக் கவனிக்காமல் விடலாம். முருகா, அந்த அதிகாரி அம்மாவுக்குக் கண் மங்கலாய் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். யசோவுக்கு லைசென்ஸ் கிடைக்கவேண்டும் என்று நான் மனதார வேண்டியது இதுதான் முதல் தடவை.

கோபம் அப்படியே இருக்கிறது. வேண்டுதலும் இருக்கிறது. 

நவம்பர் 11, செவ்வாய்

இருபத்தேழாம் நாள். கவுன்சில் அதிகாரி இடம் பார்க்க வருகிறா என்று யசோ என்னையும் வரச்சொன்னார். “நீங்கள் பக்கத்தில நிண்டால் எனக்குத் தெம்பு, அண்ணை.” சுகிர்தா வாசலில் தேங்காய் உடைத்து, துண்டுகளைப் பொறுக்கி வைத்திருந்தாள்.

எனக்கும் பழக்கமான அதிகாரிதான். பூட்டுப் பார்த்தா, கமரா பார்த்தா, போத்தல் அடுக்குகிற இறாக்கைகள் பார்த்தா. எல்லாவற்றுக்கும் தலையாட்டினா. வெளியே போகும்போது நோட்டீஸ் முன்னால் நின்று, கண்ணாடியை எடுத்து மாட்டினா.

இது வெள்ளை, என்றா. வெளிர்நீலத்தில் இருக்கவேண்டும். தனக்கு வருத்தமாய் இருக்கிறது, ஆனால் இது செல்லாது, புதுத் தாளில் ஒட்டி இருபத்தெட்டு நாளையும் திரும்ப எண்ணவேண்டும். பிறகு என்னைப் பார்த்து, ஆச்சரியமாய்த்தான் கேட்டா: மிஸ்டர் குலேந்திரன், உங்களுக்கு இது தெரியுமே, இவருக்குச் சொல்லவில்லையா?

யசோ திரும்பி என்னைப் பார்த்தார். நான் என் குடையைப் பார்த்தேன்.

சுகிர்தா தேங்காய்த் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, “அப்ப டிசம்பர் ஒண்டு?” என்று கேட்டாள். திரும்ப எண்ணினால் டிசம்பர் பத்து ஆகிவிடும் என்று எண்ணத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும்.

நவம்பர் 12, புதன்

பின்னேரம் யசோ கடைக்கு வந்தார். வியாபாரிகளில் ஒன்பது பேர் காலையிலேயே விலகிவிட்டார்களாம். பனஞ்சாராயக்காரர் மட்டும் ஃபோனில் அழுதாராம். கத்துவார் என்று நினைத்து நான் நின்றேன். கத்தவில்லை. கல்லாவுக்கு மேலே பார்த்தார்.

“அண்ணை, அதை ஒருக்கா இறக்கலாமோ?”

நானே இறக்கிக் கொடுத்தேன். பின்பக்க ஆணிகளை நிமிர்த்தி, பின்தட்டை எடுத்து, தாளை வெளியே இழுத்தார். நடுவெல்லாம் வெள்ளை. சட்டத்தின் விளிம்புக்குள் வெளிச்சம் படாமல் இருந்த சுற்றுவட்டம் மட்டும், ஒரு விரல் அகலத்துக்கு, வெளிர்நீலமாய் அப்படியே இருந்தது. வதனா தடவிப் பார்த்த அதே நீலம்.

அந்த நீலத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

“கமராவுக்கு முன்னால ஆர் வந்தாலும் என்ர ஃபோனில மணி அடிக்கும், அண்ணை. நீங்கள் ஒவ்வொரு நாளும் வந்தனீங்கள். மழைக்கையும் குடையோட வந்து நோட்டீசைப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள். மூலை கழண்ட நேரம் ஒட்டியும் விட்டனீங்கள். நான் சுகிர்தாவுக்கும் காட்டினனான். பாரும், அண்ணை எங்களுக்குக் காவல் நிக்கிறார் எண்டு சொன்னனான்.”

நான் கல்லாவைத் திறந்து சில்லறையை எண்ணினேன்.

“பத்தொன்பது வருஷம்தானே,” என்றார் யசோ. “நிறம் உங்களுக்கும் மறந்திருக்கும். என்ன, அண்ணை?”

அவர் எனக்கு வழி திறந்துவிட்டார். வேறு யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். நான் அந்த வழியால் புகுந்து ஓடினேன்.

“ஓம் தம்பி. மறந்துபோச்சு.”

தலையை ஆட்டினார். தாளைத் திரும்பச் சட்டத்துக்குள் வைத்து, ஆணிகளை மடக்கி, பிள்ளையாருக்குப் பக்கத்தில் மாட்டி, கோணல் இல்லாமல் சரிபார்த்துவிட்டுப் போனார்.

வதனா பின் அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள் என்பதை நான் மறந்துபோனேன். அது மட்டும்தான் உண்மையாய் மறந்தது. வந்து கல்லாவுக்கு முன்னால், வாடிக்கையாளர் நிற்கிற பக்கத்தில் நின்றாள்.

“அந்த நீலத்தாள் தேடி நானும்தான் உங்களோட பனிக்குள்ளால நடந்தனான்,” என்றாள். “எனக்கு மறக்கேல்லை.”

நான் கல்லாவை இழுத்துப் பூட்டினேன்.

“ஒவ்வொரு மாரிக்கும் அந்தக் கதையைச் சொல்லுவியள். போன மாசமும் சொன்னனீங்கள். மூண்டாவது கடை, கையுறை கழட்டினது, எல்லாம்.” அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. “முத்திரை ஏன் வாங்கினனீங்கள் எண்டு இப்பதான் விளங்குது. நீங்களாய்ச் சொல்லுங்கோ. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாப்பன். பிறகு நான் சொல்லுவன்.”

நவம்பர் 13, வியாழன்

காலையில் வழமைபோலக் கால் தபால் நிலையப் பக்கம் திரும்பியது. வாசலில் புது நோட்டீஸ். வெளிர்நீலம், நாலு மூலையும் இறுக்கமாய். யசோ விடவில்லை. மூன்று வியாபாரிகளோடு திரும்ப ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறார். மேலே கமரா இருந்தது. முதல் தடவையாய் நிமிர்ந்து அதைப் பார்த்தேன். அவருடைய ஃபோனில் மணி அடித்திருக்கும்.

கடைக்கு வந்து மூன்று தரம் நம்பரை அழுத்தி, மூன்று தரமும் அடிக்கமுதல் வெட்டினேன். வாயால் வராது. பத்தொன்பது வருஷமாய் எனக்கு ஒழுங்காய் எழுதத் தெரிந்தது ஒன்றுதான். கட்டம் போட்டு எழுதினேன்.

திகதி: ஒக்டோபர் 27. ஒக்டோபர் 16 முதல் ஒவ்வொரு நாளும் என்றும் எழுதலாம்.
நேரம்: சூரன் தலை விழுந்த நேரம்.
ஆள்: யசோதரன், வயது 43, என் சகலன். வெறி இல்லை. நித்திரை இல்லாத கண்.
கேட்டது: ஒரு சொல்.
மறுத்த காரணம்: பொறாமை.

ஃபோனில் படம் எடுத்து யசோவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். வதனா பின் அறையிலிருந்து வந்து கதவடியில் நின்றாள். ஒரு ஆள் சிகரெட் கேட்டு வந்தார், நான் மிச்சக் காசைப் பிழையாய்க் கொடுத்தேன், அவர் திருப்பித் தந்துவிட்டுப் போனார்.

படத்துக்குக் கீழே இரண்டு சரி அடையாளம் விழுந்தது. சாம்பல் நிறத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இரண்டும் நீலமாய் மாறியது.

மத்தியானம் தாண்டிவிட்டது. பதில் வரவில்லை.